மலையக நொத்தாரிசுமாருக்கும் சட்டத்தரணிகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயாமாரே, அம்மாமாரே,

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் நாலு பேர் சேர்ந்து தொழில் தொடங்கினால் பங்குடைமை ஒப்பந்தம் எழுத உங்களிடம்தான் வருகிறார்கள். லொறி யார் பெயரில், காசோலையில் யார் கையெழுத்து என்பதையெல்லாம் கவனமாக எழுதித் தருகிறீர்கள். ஆக்கவுரிமை (புதுக் கண்டுபிடிப்புக்கு எடுக்கும் பேட்டன்ட்) பற்றியும் சில வரிகள் சேருங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

நான் உயர்தர வகுப்புக்கு வணிகக்கல்வி படிப்பிப்பவன். 1890 ஆம் ஆண்டின் ஆங்கிலப் பங்குடைமைச் சட்டம் இங்கும் செல்லும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் இலாபம் சமபங்கு, பங்காளர் கொடுத்த கடனுக்கு 5 சதவீத வட்டி என்று பிள்ளைகள் பாடமாக்கிவிடுவார்கள். 28, 29, 30 ஆம் பிரிவுகளைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. பங்காளருக்கு உண்மைக் கணக்கும் முழு விபரமும் காட்ட வேண்டும். தொழிலின் சொத்தையோ தொடர்பையோ வைத்துத் தனியே சம்பாதித்ததைத் தொழிலுக்கே கொடுக்க வேண்டும். மற்றவர் சம்மதமின்றி அதே தொழிலைப் போட்டியாக நடத்தக் கூடாது.

இரண்டு பங்காளர் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் இயந்திரம் ஒன்றைச் செய்து இருவர் பெயரிலும் ஆக்கவுரிமை எடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாதவரை, ஒவ்வொருவரும் தனியாக அதைச் செய்து விற்கலாம். வெளியாருக்கு உரிமம், அதாவது அதைச் செய்து விற்கும் அனுமதி, கொடுக்க மட்டும் இருவரும் சேர வேண்டும். சேர்ந்தே கொடுத்தார்கள். பிறகு உரிமம் வாங்கிய கம்பனி ஒருவரை மட்டும் கூப்பிட்டு, "உங்களுக்கு மாதாமாதம் ஆலோசனைக் கட்டணம் தருகிறோம், ரோயல்டியைக் கொஞ்சம் குறையுங்கள்" என்கிறது. ரோயல்டி என்பது உரிமத்துக்காகக் கம்பனி கட்டும் தொகை. எவ்வளவு மரியாதையான பெயர், ஆலோசனைக் கட்டணம்!

அந்தப் பணம் யாருடையது? இருவரும் பங்காளர் என்றால் பங்குடைமைச் சட்டத்தின் 29 ஆம் பிரிவுப்படி தொழிலுடையது. ஆனால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதே சட்டத்தின் 2 ஆம் பிரிவோடு வருவார். ஒரு சொத்தை இருவர் கூட்டாக வைத்திருப்பதால் மட்டும், அதில் வரும் இலாபத்தைப் பகிர்ந்துகொண்டாலும்கூட, அந்தச் சொத்தைப் பொறுத்து அவர்கள் பங்காளராகிவிட மாட்டார்கள் என்கிறது அது. ஆக்கவுரிமை தொழிலின் சொத்தா, இரண்டு தனி ஆட்களின் கூட்டுச் சொத்தா என்று தாளில் இல்லாவிட்டால் வழக்கு அந்த இடத்திலேயே சிக்கிவிடும். மூலதனம் 1000 ரூபாவைத் தாண்டினாலே பங்குடைமை எழுத்தில் இருக்க வேண்டும் என்று 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்வதால், வாய்ப்பேச்சை நம்பியவர் பாடு இன்னும் கஷ்டம். 1000 ரூபா மூலதனத்தில் இன்று எந்த வேர்க்ஷொப் திறக்க முடியும்?

உரிமம் முடிகிற நேரத்திலும் இதே ஆபத்து உண்டு. நியூயோர்க்கில் மைன்ஹார்ட், சால்மன் என்ற இருவர் ஒரு ஹோட்டல் கட்டடத்தை 20 வருடக் குத்தகையில் நடத்தினார்கள். அது முடியும் தறுவாயில் உரிமையாளர், நிர்வாகம் பார்த்த சால்மனோடு மட்டும் பேசிப் புதுக் குத்தகை கொடுத்தார். அந்த வாய்ப்பை மறைத்தது தவறு, அதிலும் மைன்ஹார்டுக்குப் பங்குண்டு என்று 1928 இல் நீதியரசர் கார்டோசோ தீர்ப்பெழுதினார். அமெரிக்கத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாதுதான். ஆனாலும் கம்பனியோடு போனில் பேசுகிற பங்காளர் எவரோ, புது உரிமம் அவர் பக்கமே சாயும் என்பது இங்கும் நடக்கக்கூடியதே.

ஆகவே, ஆக்கவுரிமை தொழிலின் சொத்து என்று எழுதுங்கள். உரிமம் தொடர்பான கடிதமானாலும் வட்ஸ்அப் செய்தியானாலும் எல்லாப் பங்காளருக்கும் போக வேண்டும் என்று எழுதுங்கள். வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் ஒருவர் இறந்ததும் பங்குடைமை கலைந்துவிடும். ஆக்கவுரிமையோ, ஆண்டுக் கட்டணம் கட்டிவந்தால், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம் நிற்கும். மிச்ச வருடங்களின் ரோயல்டி அவர் மனைவி மக்களுக்கு எப்படிச் சேரும் என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

கையெழுத்து வாங்குமுன் அந்த வரிகளைத் தமிழில் வாசித்தும் காட்டுங்கள். ஆங்கில ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுப் பழகியவர்கள் எங்கள் ஆட்கள்.

இப்படிக்கு,
ஹட்டனிலிருந்து ஒரு வணிகக்கல்வி ஆசிரியர்