டிரெய்லர் பிரேக்க செட் பண்ணிட்டு மலை இறங்குங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

போன ஈஸ்டருக்கு ஜோகன்னஸ்பர்க் பக்கத்துல இருக்கிற எங்க லெனேசியால இருந்து டர்பன் பக்கத்து மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயிலுக்கு குடும்பத்தோட கிளம்பினோம், பக்கிக்கு, அதான் பிக்கப் வண்டிக்கு, பின்னால ரெண்டு ஆக்சில் டிரெய்லர், அதுல அன்னதானத்துக்கு அண்டா, அரிசி மூட்டை, கூடாரம்னு ஏத்தின லோடு. டிரெய்லர் பிரேக்க பக்கில இருந்தே பிடிக்க வைக்கிற எலக்ட்ரிக் பிரேக் கன்ட்ரோலர் புதுசா மாட்டியிருந்தேன், அதனால தைரியமா எண் 3 நெடுஞ்சாலைல வந்தேன். பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு மேல ஹில்டன்ல இருந்து டவுன் ஹில் இறங்கும்போது தான் வயித்த கலக்கிச்சு, பிரேக்க மிதிக்க மிதிக்க பின்னால இருந்து யாரோ தள்ளுற மாதிரி, அண்டா மூடியெல்லாம் கடகடங்குது, ஜன்னல் வழியா தீஞ்ச வாசனை. என் மனைவி "ஏங்க, மெதுவா, மெதுவா"ன்னு டேஷ்போர்டை பிடிச்சுக்கிட்டா. கியரை குறைச்சு, ஓரமா நிறுத்தி பாத்தா பக்கியோட முன் சக்கரம் கிட்ட போக முடியல அவ்வளவு சூடு, டிரெய்லர் சக்கரம் ஜில்லுனு இருக்கு!

கன்ட்ரோலர் கெட்டுப்போகல. மாட்டின கடைல அதை ரொம்ப கம்மில விட்டுட்டாங்க, எனக்கும் யாரும் சொல்லித்தரல. டிரெய்லர் டிரம்முக்குள்ள ஒரு மின்காந்தம் இருக்கு, கரண்ட் போனா அது சுத்துற டிரம்ல ஒட்டி இழுபட்டு, ஒரு லீவர் வழியா பிரேக் ஷூவ விரிக்குது. எவ்வளவு கரண்ட் போகணும்னு முடிவு பண்றது கன்ட்ரோலர்ல இருக்கிற கெயின்ங்கிற திருகு. ஒரு காந்தத்துக்கு சுமார் 3 ஆம்பியர்னா நாலு சக்கரத்துக்கு 12, அதனால மெல்லிசு ஒயரும் துருப்பிடிச்ச பிளக்கும் இருந்தா பாதி சக்தி வழியிலேயே போயிடும். எர்த் ஒயரையும் பாருங்க, பெரும்பாலும் கோளாறு அங்க தான்.

கன்ட்ரோலர்லயும் ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு பிரேக் லைட் எரிஞ்சதும் முன்னாடியே செட் பண்ணின வேகத்துல கரண்டை ஏத்தும், நீங்க மெல்ல மிதிச்சாலும் அழுத்தி மிதிச்சாலும் அதுக்கு ஒண்ணு தான். இன்னொண்ணு வண்டி எவ்வளவு வேகமா குறையுதுன்னு உணர்ந்து அதுக்கு தகுந்த மாதிரி பிடிக்கும், மலை இறங்க இதுதான் நல்லதுன்னு நான் நினைக்கிறேன், காசு கூட ஆனாலும் பரவாயில்ல. நம்ம ஊர்ல நிறைய டிரெய்லர்ல இருக்கிறது ஓவர்ரன் பிரேக், டிரெய்லர் முன்னால தள்ளுற தள்ளுலயே பிடிக்கிறது, அதுக்கு கன்ட்ரோலரே கிடையாது, மலைல விடாம தள்ளினா அதுவும் சூடாகும். எது இருந்தாலும் தாழ்ந்த கியர் போட்டு இறங்குங்க.

செட் பண்றது பத்து நிமிஷ வேலை. லோடு ஏத்தினதுக்கு அப்புறம், ஆள் இல்லாத காஞ்ச சமதள ரோட்டுல 40 கிலோமீட்டர் வேகத்துல போய் கன்ட்ரோலர்ல இருக்கிற கை லீவரை மட்டும் முழுசா அழுத்துங்க. டிரெய்லர் சக்கரம் பூட்டிக்கிட்டு இழுபட்டா கெயினை குறைங்க, பிடிக்கவே இல்லன்னா ஏத்துங்க, சக்கரம் பூட்டுறதுக்கு கொஞ்சம் முன்னால திருகு நிக்கணும். டிரெய்லர் பாம்பு மாதிரி ஆட ஆரம்பிச்சாலும் அந்த லீவர் தான் காப்பாத்தும்: ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டு லீவரை மெல்ல அழுத்துங்க, பக்கி பிரேக்க மிதிக்காதீங்க.

டிரெய்லர் கழண்டு போனா தானா பிரேக் பிடிக்கிற பின்னும் இருக்கும், அதுக்கு டிரெய்லர்லயே தனி பேட்டரி. கிளம்புறதுக்கு முன்னால பிளக்கை கழட்டிட்டு பின்னை ஒரு நிமிஷம் இழுத்து பாருங்க, சக்கரம் அசையக்கூடாது. பேட்டரி செத்துக்கிடக்கிறது அப்ப தான் தெரியும்.

அப்புறம் லைசென்ஸ். மொத்த எடை 750 கிலோவுக்கு மேல உள்ள டிரெய்லரை இழுக்க ஈபி (EB) வகை லைசென்ஸ் வேணும், கோயில் கமிட்டில தம்பிங்க யார் கைல சாவி கிடைக்குதோ அவங்க ஓட்டிட்டு போறாங்க, அது சரியில்ல.

திரும்பி வரும்போது அடுத்த பாடம். அரிசி எல்லாம் தீர்ந்து டிரெய்லர் காலி, ஆனா திருகு ஏத்தி வச்சபடியே இருந்துச்சு, ஹாரிஸ்மித்ல ஒரு சிக்னல்ல மிதிச்சதும் சக்கரம் பூட்டி ரோட்டுல கறுப்பு கோடு போட்டுச்சு, ஒரு டயர் ஒரு பக்கம் தேஞ்சு போச்சு. இப்ப டேஷ்போர்டுல ஒரு துண்டு டேப் ஒட்டி லோடுக்கு 7, காலிக்கு 3ன்னு எழுதி வச்சிருக்கேன். உங்க வண்டிக்கு வேற நம்பர் வரும், ஓட்டிப் பாத்து எழுதிக்கங்க.

இப்படிக்கு,
லெனேசியா வாசகர்