சரி, சரி என்று ஒரு பாட்டு

டொனோஸ்தியா (சான் செபாஸ்தியான்), ஸ்பெயின்
நவம்பர் 12

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. தாமதத்துக்கு மன்னித்துக்கொள். மூட்டுவலி குறைந்து மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. ஜனவரியில் கல்யாணத்துக்குக் கட்டாயம் வருகிறேன், டிக்கெட் போட்டாயிற்று. இங்கே ஒரு மாதமாகத் தூறல் விடவில்லை. இந்தத் தூறலுக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ஷிரிமிரி’. குடை பிடித்தாலும் நனையும், பிடிக்காவிட்டாலும் நனையும்.

அந்த ஊரில் என்ன பாட்டுக் கேட்கிறாய் என்று கேட்டிருந்தாய். திருச்சி ரெக்கார்டிங் சென்டரில் கேசட்டுக்கு லிஸ்ட் எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் காத்திருந்தவர்கள் நாம். அதனால் உனக்கு ஒரு வரியில் பதில் சொன்னால் சரிப்படாது.

போன ஆகஸ்டில் இங்கே ஊர்த் திருவிழா. நடுராத்திரி, தெரு முழுக்கக் கூட்டம். திடீரென்று எல்லோரும் குதித்துக்கொண்டு “சரி, சரி, சரி, சரி” என்று கத்துகிறார்கள்! ஒரு நொடி நம்மூர் ஆட்கள் யாரோ என்று திரும்பிப் பார்த்துவிட்டேன். கூட வந்த ஆபீஸ் நண்பர் சிரித்துக்கொண்டே விளக்கினார். அது ‘சர்ரி’. ஸ்பெயினின் வடக்கு ஓரத்தில் இந்தப் பக்கத்து ஆட்கள் பேசும் பாஸ்க் மொழியில் அடிக்கடி என்று பொருள். இந்தப் பாட்டில் அது ஓர் ஆளின் பெயர்ச் சுருக்கமும்கூட.

அந்த ஆள் யோசெபா சாரியோனாந்தியா. எழுத்தாளர், பாஸ்க் தனிநாடு கேட்டுப் போராடிய எட்டா ஆயுத இயக்கத்தில் இருந்ததற்காகச் சிறையில் இருந்தவர். 1985 ஜூலை 7 அன்று இந்த ஊரை ஒட்டிய மார்டுடெனெ சிறைக்குள் இமானோல் என்ற பாடகரின் கச்சேரி நடந்தது. அது முடிந்து சாமான்களை ஏற்றிக்கொண்டு வண்டி வெளியே போனபோது, ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்குள் சாரியோனாந்தியாவும் இன்னொரு கைதியும் இருந்தார்கள். அதே ஆண்டு வெளிவந்த, கோர்டாட்டு என்ற இசைக்குழுவின் முதல் ஆல்பத்தில் இது பாட்டாகிவிட்டது. மெட்டு ஜமைக்காவின் டூட்ஸ் அண்ட் தி மேட்டல்ஸ் குழுவுடையது. நாற்பது வருஷமாகியும் திருவிழாவில் ஓயவில்லை.

நானும் குதித்தேன், பொய் சொல்ல மாட்டேன். பிறகு கதையின் மீதியைப் படித்தபோது கால் கொஞ்சம் தயங்கியது. எட்டா கொன்றவர்கள் 800 பேருக்கு மேல். அந்த வீடுகளில் இந்தப் பாட்டு எப்படிக் கேட்கும்? இமானோலின் கதை இன்னும் மோசம். பின்னாளில் எட்டாவின் கொலைகளை எதிர்த்துப் பேசினார், மிரட்டல் வந்தது, கடைசியில் ஊரைவிட்டே போனார். 2004இல் தெற்கே ஓரிவேலாவில் இறந்தார். தப்பித்தவருக்குப் பாட்டு கிடைத்தது, பெட்டிக்குச் சொந்தக்காரருக்கு மிரட்டல் கிடைத்தது.

சரி, கோர்டாட்டு குழுவுக்கு வருகிறேன். பிரான்ஸ் எல்லையில் பிதாசோவா ஆற்றங்கரையில் இருன் என்று ஓர் ஊர். 1984இல் அங்கே ஃபெர்மின் முகுருஸா, தம்பி இன்யிகோ, டிரம்ஸுக்கு ட்ரெக்கு அர்மெந்தாரிஸ், மூன்று பேர் சேர்ந்தார்கள். ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோ செத்து ஒன்பது வருஷம். உருக்காலைகளும் கப்பல் கட்டும் தளங்களும் மூடிக்கொண்டிருந்த நேரம். வேலை இல்லை, தெருவெல்லாம் ஹெராயின். அதில் பாடகர்களே பலியானார்கள். ஆளில்லாத கட்டடங்களைப் பிடித்து இளைஞர்கள் மன்றம் நடத்தினார்கள், ‘கஸ்டெட்செ’ என்று பெயர். அங்கேதான் பாதி குழுக்கள் முளைத்தன. இவர்களுக்கு ஆதர்சம் லண்டனின் தி கிளாஷ். பங்க் என்ற முரட்டு ராக்கின் வேகத்தில் ஜமைக்காவின் ஸ்கா தாளம், அவ்வளவுதான் சரக்கு. ஆனால் ஆட வைத்துவிடும்.

நான் சொல்ல வந்தது இதற்கு அப்புறம் நடந்தது. முதல் ஆல்பத்தில் பெரும்பாலான பாட்டுகள் ஸ்பானிஷில். இருனில் புழங்கும் மொழி அதுதான். பாஸ்க் மொழியை ஃபெர்மின் பெரியவனான பிறகுதான் கற்றுக்கொண்டான். ஸ்பெயின் முழுக்கப் பெயர் பரவி, கூட்டம் சேர்ந்துகொண்டிருந்த சமயத்தில், 1988இல் ஒரு ஆல்பம் முழுவதையும் பாஸ்க்கில் போட்டார்கள். பெயர் ‘கோல்பெஸ் கோல்பெ’. அடிமேல் அடி என்று வைத்துக்கொள். மாட்ரிட்டில் பாதிப்பேருக்குத் தலையும் புரியாது காலும் புரியாது. அதே ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி பாம்ப்லோனாவில் கடைசிக் கச்சேரி நடத்திவிட்டுக் கடையையும் மூடிவிட்டார்கள்.

இதன் பெருமை எனக்குப் புரிந்ததே மாலை வகுப்பில் சேர்ந்த பிறகுதான். ஆமாம், இந்த வயதில் பாஸ்க் படிக்கிறேன், சிரிக்காதே. பெயர்ச்சொல் நமக்குச் சுலபம்டா. எட்செ என்றால் வீடு, எட்செயான் வீட்டில், எட்செரா வீட்டுக்கு, எட்செடிக் வீட்டிலிருந்து. உருபு பின்னால் வந்து ஒட்டிக்கொள்கிறது. உடனே தமிழோடு உறவு என்று கிளம்பிவிடாதே. உலகில் எந்த மொழியோடும் இதற்கு உறவு நிரூபிக்கப்பட்டதில்லை. வினைச்சொல் வந்ததும் என் கொட்டம் அடங்கிவிடும். யார், யாருக்கு, எதை என்று மூன்றையும் ஒரே துணைவினைக்குள் திணிக்கிறார்கள். இதில் பாட்டு எழுதி மேடையில் கத்துவதென்றால்! பாஸ்க்காரரைக் குறிக்கும் சொல்லே ‘எயுஸ்கல்துன்’, அதாவது மொழியை உடையவர். எந்த ரத்தம், எந்த ஊர் என்று அந்தச் சொல் கேட்பதில்லை. என் வகுப்பில் ஒரு செனகல்காரர் இருக்கிறார், என்னைவிட நன்றாகப் பேசுவார்.

அண்ணனும் தம்பியும் சும்மா இருக்கவில்லை. காகி அர்காராஸோ என்ற கிடார்காரரைச் சேர்த்துக்கொண்டு 1990இல் ‘நெகு கொரியாக்’ என்ற பெயரில் வந்தார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் சிவப்புக் குளிர்காலங்கள், வழக்கில் கடுங்குளிர். இந்த முறை ராப், ரெகே, பங்க்கைவிட வேகமான ஹார்ட்கோர் எல்லாம் கலந்து, முழுக்க பாஸ்க்கில். என்னைக் கேட்டால் கோர்டாட்டுவைவிட இதுதான் பெரிய குழு. ‘எசான் ஒசென்கி’ (உரக்கச் சொல்) என்று சொந்தமாக ரெக்கார்டு கம்பெனி தொடங்கி, பாஸ்க்கில் பாடுகிற மற்றவர்களுக்கும் வழிவிட்டார்கள்.

இதில் ஒரு வழக்கும் உண்டு. ‘உஸ்டெல்கேரியா’, அழுகல், என்ற பாட்டில் போதைக் கடத்தலோடு தன்னைச் சேர்த்துப் பேசிவிட்டார்கள் என்று கலிந்தோ என்ற சிவில் கார்டு போலீஸ் படை அதிகாரி 1.5 கோடி பெசெட்டா (ஸ்பெயினின் அன்றைய நாணயம்) கேட்டு வழக்குப் போட்டார். கீழ்க் கோர்ட்டில் குழுவுக்குத் தோல்வி. 1996இல் கலைந்துவிட்ட குழுவின் தலையில் வழக்கு மட்டும் தொங்கிக்கொண்டே இருந்தது. 2000இல் உச்ச நீதிமன்றம் குழுவின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு கலிந்தோவுக்கு, இரண்டு இளைஞர்களைக் கடத்திக் கொன்ற வேறொரு வழக்கில் 70 ஆண்டுக்கு மேல் தண்டனை. 2001 ஜனவரியில் பழைய ஆட்கள் ஒன்றுகூடி இந்த ஊரிலும் எல்லைக்கு அப்பால் பயோனிலும் பாடினார்கள். நான் அப்போது எங்கே இருந்தேன்? சென்னையில் பஸ்ஸுக்கு நின்றிருப்பேன்.

தம்பி இன்யிகோ 2019 செப்டம்பரில் போய்விட்டான். ஃபெர்மின் இன்னும் பாடுகிறான்.

ஜனவரிக்கு வரும்போது ‘கோல்பெஸ் கோல்பெ’யைக் கேசட்டிலேயே கொண்டுவருகிறேன். இங்கே ஒரு பழைய சாமான் கடையில் பார்த்து வைத்திருக்கிறேன். உன் டேப் ரெக்கார்டர் இன்னும் ஓடுகிறதா, இல்லை பெல்ட் போய்விட்டதா? பதில் போடு, பெல்ட்டும் தேடிப் பார்க்கிறேன்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரவி