ஏழு கறிக்குப் போகிறேன், மங்களம்

ரோஸ்ஹில், மொரிஷியஸ்,
பிப்ரவரி 2026

அன்புள்ள மங்களம்,

இங்கு அனைவரும் நலம். உங்கள் வீட்டில் எல்லோரும் நலமா? தீபாவளிக்கு நீ அனுப்பிய வனிலா வந்து சேர்ந்ததைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை என்று நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதாகச் சிவா சொன்னான். கோபித்துக்கொள்ள உனக்கு உரிமை உண்டு. ஆனால் எழுதாததற்குக் காரணம் சோம்பல் அன்று, உன்னிடம் சொல்வதற்கு ஒரு முடிவு இல்லாமல் இருந்ததுதான். இப்போது இருக்கிறது. ஆண்டு இறுதியோடு பள்ளியில் தமிழாசிரியை வேலையை விட்டுவிட்டேன்; இனிக் கல்யாணத்துக்கும் கோவிலுக்கும் ஏழு கறி விருந்து சமைக்கும் தொழிலில் இறங்குகிறேன். திட்டுவதானால் முழுக் கடிதத்தையும் படித்துவிட்டு மொத்தமாகத் திட்டு.

ஏன் விட்டேன் என்பதை உனக்கு விளக்க வேண்டியதில்லை. மொழிப் பாடத்துக்கு மணி அடித்ததும் பிள்ளைகள் அவரவர் மொழிக்குப் பிரிந்து போவார்கள் அல்லவா, அப்போது என் அறைக்கு வருகிறவர்கள் ஒரு பெஞ்சுக்குள் அடங்கிவிடுவார்கள். 2012-இல் கிரியோலும் விருப்பப் பாடமாக வந்த பிறகு, வீட்டில் பேசுகிற மொழியிலேயே மதிப்பெண் வாங்க முடியும்போது இன்னோர் எழுத்தைக் கற்றுக்கொண்டு ஏன் பிள்ளை சிரமப்பட வேண்டும் என்று பெற்றோர் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பதில் சொல்லிச் சொல்லி எனக்குத்தான் சலித்துவிட்டது. மோக்காவில் நமக்குப் பாடம் எடுத்த தாடி ஐயா, தமிழை விட்டுவிடக் கூடாது என்று மேசையைத் தட்டிச் சொன்னதெல்லாம் எனக்கு நினைவில் இருக்கிறது, நீ எடுத்துக்காட்ட வேண்டாம்.

விடுவது எளிதாக இருந்தது. அடுத்து என்ன என்பதுதான் மாதக்கணக்கில் தூக்கத்தைக் கெடுத்தது. சென்ற ஆண்டு ஜூன் பட்ஜெட்டில் அடிப்படை ஓய்வூதிய வயதை 60-இலிருந்து 65-க்குப் படிப்படியாக உயர்த்தப் போவதாக அறிவித்ததை நீயும் அங்கிருந்தே கேள்விப்பட்டிருப்பாய். நமக்கோ ஐம்பதுகூட ஆகவில்லை. ஆகவே நான் தேடியது பொழுதுபோக்கை அன்று, இன்னும் பதினைந்து ஆண்டுகளுக்குச் சோறு போடக்கூடிய ஒரு தொழிலை. மகளின் படிப்பைப் பற்றி மட்டும் கவலை இல்லை. 2019 முதல் அரசுப் பல்கலைக்கழகங்களில் இளங்கலைக்குக் கட்டணம் கிடையாது என்பதால் ரெதுயிப் பல்கலைக்கழகத்தில் அவள் பாட்டுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

ஆசிரியை வேலையை விட்டால் ஊரே கூடி வேலை தேடித் தருகிறது, மங்களம். என் கொழுந்தனார் காப்பீட்டு முகவராகச் சொன்னார். பக்கத்து வீட்டார் டியூஷன் எடுக்கச் சொன்னார்கள். சிவா, சுற்றுலா வழிகாட்டியாகப் போய் நம் முன்னோர் கூலிகளாக வந்திறங்கிய ஆப்ரவாசி காட்டின் படிகளில் நின்று வெள்ளைக்காரர்களுக்குக் கதை சொல்லச் சொன்னான். எபேனில் ஓர் அழைப்பு மையத்துக்கு நேர்காணலுக்கே போய் வந்தேன். பிரான்ஸில் இருப்பவர்களைத் தொலைபேசியில் பிடித்து இணைய இணைப்பு விற்க வேண்டுமாம். என் பிரெஞ்சு உச்சரிப்பு பிரமாதம் என்று பாராட்டிவிட்டு, வாடிக்கையாளர் வாயில் நுழைகிற மாதிரி ஒரு பெயர் வைத்துக்கொள்ளுங்கள், சாந்த்ரின் எப்படி என்றார்கள். செண்பகவல்லி சாந்த்ரின் ஆவதை என் பாட்டி மேலிருந்து பார்த்தால் என்ன சொல்வாள் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

இவர்கள் சொன்ன வேலைகள் எல்லாவற்றிலும் ஒரே கணக்குதான் இருந்தது: ஆசிரியைக்கு வாய் இருக்கிறது, அதை விற்கலாம். எனக்கோ அந்த வாய்தான் ஓய்ந்து போயிருந்தது. வேண்டாம் என்பவர்களை வேண்டும் என்று சொல்ல வைப்பதற்கே இருபது ஆண்டுகளுக்கு மேல் பாடுபட்டாயிற்று; இனிச் செய்கிற தொழிலிலாவது, கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுத்தால் போதும் என்று தோன்றியது.

அப்படி யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். பையனின் அம்மாவை உனக்கும் தெரியும். தன் பிள்ளைக்குத் தமிழ் வேண்டாம் என்று படிவத்தில் எழுதிக் கொடுத்து, என்னிடம் அரை மணி நேரம் வாதாடியவர். அவர் பந்தியில் இலை இலையாக நடந்து, பூசணி வந்ததா, வாழைக்காய் வந்ததா, ரசம் ஊற்றினார்களா என்று கேட்டுக்கொண்டே போனார். இலையில் வைக்க வேண்டிய ஏழு கறியில் ஒன்று குறைந்திருந்தால் அன்று கல்யாணமே நின்றிருக்கும். எனக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தபோது, இந்த ஊரில் தமிழர்களிடம் கெஞ்சாமல் கொடுக்கக்கூடியது இன்னும் ஒன்று இருக்கிறது என்று புரிந்தது.

மறுநாளே ஏழு கறி சமைத்துக் கொடுக்கும் ராசம்மா அக்காவிடம் போய்ச் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். “மிஸ்ஸுக்கு என்ன தெரியும்?” என்றார். கோவில் மடைப்பள்ளியில் இந்தக் காவடிக்குச் சமைத்தபோது எனக்கு அவர் கொடுத்த வேலை பலாக்காய் நறுக்குவது மட்டுமே. கத்தியிலும் உள்ளங்கையிலும் எண்ணெய் தடவிக்கொண்டுதான் உட்கார வேண்டும். முதல் வெட்டிலேயே பால் கசிந்து வழியும், அதைச் செய்தித்தாளால் ஒற்றி ஒற்றி எடுக்காவிட்டால் கத்தி நகராது. நான் நறுக்கிப் போட்ட துண்டுகளை அக்கா ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்த்து, கொட்டை முற்றியவற்றை ஒரு பக்கமும் இளசானவற்றை ஒரு பக்கமுமாகப் பிரித்தார். வேகும் நேரம் வேறு வேறாம். வகுப்பில் இத்தனை ஆண்டுகள் என் வேலையைத் தொட்டுப் பார்த்து இப்படி யாரும் பிரித்ததில்லை. எனக்கு அது பிடித்திருந்தது என்று சொன்னால் நம்புவாயா?

மயக்கத்தில் முடிவெடுக்கவில்லை, கணக்கும் போட்டுப் பார்த்தேன். இலைக்கு இவ்வளவு என்றுதான் பேசுவார்கள். தையில் காவடி, புரட்டாசியில் கோவிந்தன் விரதம், நடுவில் கல்யாணங்கள் என்று சில மாதங்கள் மூச்சு விட முடியாது. ஆடியும் மார்கழியும் வந்தால் அடுப்பு தூங்கும். விலையை முன்னதாகப் பேசி முன்பணம் வாங்கிவிட்டுப் பிறகு புயல் வந்தால் நம் தலையில்தான் விடியும். 2024-இல் ஜனவரி 15 அன்று பெலால் புயல் அடித்தது, 25-ஆம் தேதி தைப்பூசம். தோட்டங்கள் நாசமாகிச் சந்தையில் காய்கறியே இல்லாத அந்தப் பத்து நாட்களில் அக்கா கைக்காசைப் போட்டுத்தான் ஏழு கறியையும் ஒப்பேற்றினாராம். ஒரே ஓர் ஆறுதல், 2021 ஜனவரி முதல் பிளாஸ்டிக் தட்டுக்கும் கிண்ணத்துக்கும் தடை வந்ததிலிருந்து மற்ற சமையல்காரர்கள் மாற்றுத் தேடி அலைகிறார்கள். வாழை இலைக்காரர்களுக்கு அந்த வம்பு இல்லை. உணவு கையாள்வோருக்கான சான்றிதழ் வகுப்புக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன்.

இனி நீ கேட்கப் போகும் கேள்வி. தமிழைக் கைவிட்டுவிட்டு அண்டா கழுவப் போகிறாயா என்பாய். இதே கேள்வியை இரவுகளில் எனக்கு நானே கேட்டுக்கொள்கிறேன், மங்களம், ஒவ்வோர் இரவும் ஒரே பதில் வருவதில்லை. அந்த ஒரு பெஞ்சுப் பிள்ளைகளுக்கு வேறோர் ஆசிரியை வந்திருக்கிறாள். என்னைவிட இளையவள், குரலில் இன்னும் தெம்பு இருக்கிறது. சலிப்போடு நான் அங்கே நின்றுகொண்டிருந்தால் அவர்களுக்கு அதுதான் பாடமாகப் போயிருக்கும். இவ்வளவுதான் என்னால் உறுதியாகச் சொல்ல முடிகிறது.

இப்போது உன் கருத்து வேண்டிய இடத்துக்கு வருகிறேன். அக்கா என்னைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார், ஆனால் எழுத்தில் எதுவும் வேண்டாம் என்கிறார். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. மகன்கள் இருவருக்கும் சமையலில் நாட்டமில்லை, ஆனால் அண்டாக்கள் யாருக்கு என்று நாளை கேட்கக்கூடியவர்கள். என் கணவரோ இப்போதே தனிப் பெயரில் பதிவு செய்துகொள் என்று பிடிவாதம் பிடிக்கிறார். கற்றுக்கொண்டதும் பிரிந்து வருவது எனக்கு மனம் ஒப்பவில்லை, வாய்வார்த்தையை நம்பி இறங்கவும் துணிவில்லை. உன் மாமியாருக்கு அங்கே கோவில் சமையல்காரர்களோடு நெடுநாள் பழக்கம் என்பாயே, இப்படிப்பட்ட கூட்டுகளை எப்படிப் பேசி வைத்துக்கொள்கிறார்கள் என்று அவரிடம் கேட்டு எழுது. பங்குனியில் ஒரு கல்யாணத்துக்கு முன்பணம் வாங்கியாகிவிட்டது. அதற்குள் பதில் வந்தால் நல்லது.

அன்புடன்,
செண்பகம்