வியாழக்கிழமை பயிற்சிக்கு நேரில் போ

அன்புள்ள முரளிக்கு,

அம்மா எழுதுவது. உனக்குப் போன் எடுக்கவே நேரமில்லை என்று கவிதா சொன்னாள். ஆடிக் கிருத்திகைக்கு வள்ளிமலை போகிறோம். அத்தைக்கு முட்டிவலி தேவலை. வேறு சேதி இல்லை.

வியாழக்கிழமை முதலுதவிப் பயிற்சிக்கு உன் பெயர் இருக்கிறதாமே. கையெழுத்துப் போட்டுவிட்டு ஷிப்டுக்கு ஓடிவிடாதே கண்ணு. செல்போன் வீடியோ பார்த்தாலும் சர்ட்டிபிகேட் வரும், கை பழகாது. இதயம் நின்று விழுந்தவனுக்கு நெஞ்சை 5 சென்டிமீட்டராவது அழுத்தணும், 6-ஐத் தாண்டக் கூடாது. படிக்க ஒரு வரிதான். பயிற்சிப் பொம்மை முன்னால் மண்டிபோட்டு, முழங்கை மடங்காமல், நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்திப் பார்; இரண்டே நிமிஷத்தில் தோள் சோர்ந்துவிடும். ஆழம் குறைவது அழுத்துகிறவனுக்கே தெரியாது. அதற்குத்தான் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆள் மாறுவது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் பிறகு நெஞ்சு முழுசாக எழும்பணும். பாதிப் பேர் மேலேயே சாய்ந்து கிடப்பார்கள். பக்கத்தில் நின்று கையைத் திருத்த ஒருவர் வேண்டும். நேரில் போ.

ஆசிட் பட்டால் துணியைக் கழற்றிவிட்டு 20 நிமிஷம் ஓடுகிற தண்ணி. சுண்ணாம்புத் தூள் என்றால் முதலில் உலர்ந்தபடியே தட்டிவிட்டு, பிறகு தண்ணி. இதெல்லாம் உனக்குத் தெரியும். ஐடிஐயில் முதலாவதாக வந்த பிள்ளை நீ. தெரிந்தவன்தான் வகுப்பில் உட்காராமல் எழுந்து போவான், அதுதான் என் பயம்.

நீ வேலை பார்க்கிற தோல் பதனிடும் ஷாப்பில் எல்லாவற்றையும்விடப் பொல்லாதது கழிவுத் தொட்டி. 2015 ஜனவரியில் நம்ம ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 பேர் செத்தார்கள். சுவராவது இடிகிற சத்தம் கேட்கும். வாயுவுக்கு அதுவும் கிடையாது. சுண்ணாம்புக் குழித் தண்ணியில் சல்ஃபைடு இருக்கும். தோல் ஊறவைக்கிற ஆசிட் போட்ட பிக்கிள் தண்ணி அதோடு கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்கிற விஷ வாயு கிளம்பும். காற்றைவிடக் கனம், அடியில் தங்கும். முதலில் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில் 100 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 100 பங்கு, வந்தால் சில நிமிஷத்தில் மூக்கு மரத்துவிடும், வாயு போய்விட்டதென்று ஆள் இறங்குவான். சேற்றைக் கிளறினால் உள்ளே சிக்கியிருந்தது மொத்தமாக வெளியே வரும். இறங்குமுன் பார்த்த வாயு மீட்டர் ரீடிங் அப்போது செல்லாது.

பயிற்சிக்கு வருகிறவரிடம் மீட்டரை மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்திலும் இறக்கிக் காட்டச் சொல். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறைந்தால் யாரும் இறங்கக் கூடாது. சரியாக இருந்தாலும் காற்றடிக்கிற புளோயர் ஓடிக்கொண்டே இருக்கணும். ஆளைத் தூக்க தொட்டி வாயில் நிறுத்துகிற மூன்று கால் ஸ்டாண்டு, உடம்பு முழுக்கப் பிடிக்கிற பெல்ட், கயிறு எல்லாம் வேண்டும். மேலே ஒருவன் வேறு வேலை எதுவும் பார்க்காமல் காவல் நிற்கணும். துணி மாஸ்க் எதற்கும் ஆகாது.

உள்ளே ஒருவன் விழுந்தால் கூட்டாளி குதிப்பான், அவனை எடுக்க இன்னொருவன் குதிப்பான். இப்படித்தான் ஒரு சாவு மூன்றாகிறது. கயிற்றை மேலேயிருந்து இழு, 108-ஐயும் தீயணைப்பையும் கூப்பிடு. யார் விழுந்தாலும் நீ இறங்காதே. உனக்கு மனசு கேட்காது, சின்ன வயசிலிருந்தே அப்படி. அதில் எனக்குப் பெருமைதான். இருந்தாலும் இறங்காதே.

தொட்டி வேலை யார் பார்க்கிறார்கள் என்று அப்பா கேட்டதற்கு நீ கிரிக்கெட் பேச ஆரம்பித்தாய். நானும் கேட்கவில்லை.

வியாழன் ராத்திரி போன் பண்ணு. பொம்மை மேல் எத்தனை நிமிஷம் தாங்கினாய் என்று சொல். அடுத்த மாதம் தொட்டி கழுவ யார் யார் பெயரைப் போட்டிருக்கிறார்கள் என்பதையும் சொல்.

அம்மா