எஸ்டேட் கேட்டுக்கு வெளிய நிக்கறவங்களையும் கதைக்குள்ள கூட்டிட்டு வாங்க: தமிழ் சினிமா டைரக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்ங்க.

காமெடிப் படம் எழுதிட்டு இருக்கற டைரக்டருங்க, கதை டிஸ்கஷன்னு ரூம் போட்டு உக்காந்திருக்கற தம்பி தங்கச்சிங்க, பணம் போடற தயாரிப்பாளருங்க எல்லாருக்கும் சேத்துதான் இத எழுதறேன். நான் சேர்வராயன் மலைக்காரன். பொறந்தது ஏற்காட்டுல ஒரு காப்பி எஸ்டேட் லைன் வீட்டுல, அதாவது கூலிக்காரங்களுக்கு வரிசையா கட்டிக் குடுத்த வீட்டுல, இப்ப சேலம் அஸ்தம்பட்டியில குடியிருக்கேன். எங்கப்பா காப்பிப் பழத்தோட தோலுரிக்கற பல்ப்பர் ஹவுஸ்ல வேலை பாத்தாரு, அம்மா காப்பிப் பழம் பறிக்கப் போனாங்க.

எனக்குப் பணக்காரக் குடும்பத்துக் காமெடிப் படம்னா அவ்ளோ இஷ்டம். ஒரு பெரிய பங்களா, சொத்த இறுக்கிப் புடிச்சிருக்கற ஒரு பெருசு, அந்தச் சொத்துக்காக அத்தை மாமா சித்தப்பா மச்சான் சம்பந்தின்னு பத்துப் பன்னெண்டு பேரு ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாம ஒரே எடத்துக்கு ஓடறது, போற வழியில வண்டி ரிப்பேர், ஆள் மாறாட்டம், பொய் மேல பொய், கடைசியில எல்லாரும் ஒரே ரூமுக்குள்ள மாட்டிக்கறது. இந்த மாதிரிப் படத்துக்கு வீட்டோட பெரிய ஆளு சின்ன ஆளுன்னு எல்லாரும் கெளம்பிப் போவோம். இப்ப அது ரொம்பக் கொறஞ்சு போச்சு. அப்பிடியே வந்தாலும் பங்களா இருக்கு, காரு இருக்கு, கோட்டு போட்ட அப்பா இருக்காரு, அவரு என்ன தொழில் பண்றாருன்னு மட்டும் யாருக்கும் தெரியாது, பிசினஸ்னு ஒரு வார்த்தையோட முடிஞ்சிரும். பணம் எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியாதப்ப அது போயிருமோங்கற பயம் பாக்கறவனுக்கு எப்பிடிங்க வரும், பயம் வரலன்னா சிரிப்பு மட்டும் எங்கிருந்து வரும்?

1964-ல வந்த காதலிக்க நேரமில்லை படத்த எடுத்துக்கங்க. பாலையா எஸ்டேட் ஓனர் விஸ்வநாதன், நாகேஷ் அவரு பையன் செல்லப்பா, சினிமா எடுக்கணும்னு அப்பாகிட்ட காசு கேட்டு நச்சரிக்கறவன். பாலையாவுக்கு நாகேஷ் பேய்க்கதை சொல்றத நாம எல்லாரும் நெனச்சு நெனச்சு சிரிக்கறோம், சரிதான். ஆனா அந்தக் கதைய நகத்தறது யாருன்னு பாருங்க, வேலைய விட்டுத் தூக்கின ஒரு எஸ்டேட் ஆளு. பங்களாவுக்கு எதிர்லயே கூடாரம் போட்டு உக்காந்து விஸ்வநாதன் வேலை வேணும்னு பாடறான் பாருங்க, அங்கதான் படம் சூடு புடிக்குது. அப்புறம் அவன் கோடீஸ்வரன் பையன்னு பொய் சொல்றான், அந்தப் பொய்க்கு ஒரு அப்பா வேணும்னு முத்துராமன் வயசானவரு வேஷம் கட்டறாரு, ஒண்ணுல இருந்து ஒண்ணு தானா வளருது. டைரக்டர் ஸ்ரீதரும் அவரோட சேந்து எழுதின கோபுவும் அந்த ஆள கேட்டுக்கு வெளியவே நிக்க வச்சிட்டுப் போயிருந்தா அந்தப் படமே இல்லைங்க.

1972-ல கோபு டைரக்ட் பண்ணின காசேதான் கடவுளடாவுல பணத்து மேல உக்காந்திருக்கறது மனோரமா, அத எடுக்கறதுக்காக சாமியாரு வேஷம் போட்டு வீட்டுக்குள்ள வர்றது தேங்காய் சீனிவாசன். 1990-ல மைக்கேல் மதன காமராஜன்ல ஒரே பணக்கார அப்பாவுக்குப் பொறந்த நாலு பேர்ல மதன் ஒருத்தன்தான் பணக்காரனா வளர்றான், மத்தவங்கள்ல ஒருத்தன் சமையக்காரன், ஒருத்தன் தீயணைப்புக்காரன், ஒருத்தன் திருட்டுத் தொழில்ல இருக்கறவன். பங்களாவுக்குள்ள மட்டுமே சுத்தற படம் எதுவும் இதுல இல்ல, வெளிய இருக்கற ஒருத்தன் உள்ள வர்றதுதான் எல்லாத்துலயும் வேடிக்கை.

இத நான் ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, ஒரு பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி எங்க மலையில ஒரு ஷூட்டிங் நடந்துச்சு. படம் பேரு வேணாம். பணக்காரக் குடும்பம் மலைக்கு ஜாலியா வர்ற சீன். பழம் பறிச்சிட்டுக் கூடையோட ரோட்டோரமா வந்த பொம்பளைங்கள நிறுத்தி, ஜீப்பு வரும் நீங்க பாட்டுக்கு நடங்கன்னு சொல்லிருக்காங்க. ஜீப்பு பள்ளத்துல எறங்கி அவங்க மேல சேறு அடிக்குது. முதல் தடவ சரியா விழலன்னு ரெண்டாவது தடவ எடுத்தாங்களாம். எங்கம்மாவும் அதுல ஒருத்தங்க. படம் ரிலீஸ் ஆனப்ப அம்மாவ நாந்தான் தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போனேன், எங்கம்மா சினிமாவுல வர்றாங்கன்னு அவ்ளோ சந்தோசம் எனக்கு. அந்த சீன் மூணு செகண்டு வந்துச்சு. ஜீப்புல இருக்கறவங்க சிரிக்கறாங்க, தியேட்டரும் சேந்து சிரிக்குது. அம்மா ஒண்ணும் சொல்லல. திரும்பி வர்றப்ப பஸ்ஸுல, ஏழாவது வளைவு தாண்டினப்புறம், "அந்தப் பொடவைய நான் அப்புறம் கட்டவே இல்ல தெரியுமா"ன்னு மட்டும் சொன்னாங்க.

சேறு அடிச்சதுல இல்லைங்க என் கோவம். காமெடியில சேறு படத்தான் செய்யும், யாரோ ஒருத்தர் வழுக்கி விழத்தான் வேணும். ஆனா அந்தப் பொம்பளைங்க அடுத்த சீன்ல திரும்பி வந்திருக்கணும். வழி தெரியாம பனியில நிக்கற அந்தக் குடும்பம் அவங்ககிட்டதான் வந்து வழி கேக்கணும், அப்ப அவங்க என்ன சொல்றாங்கன்னு பாக்கறதுக்குத்தான் நான் காசு குடுத்து டிக்கெட் வாங்குவேன்.

சரி, பணக்காரக் குடும்பம் வேணும், சாகசமும் வேணும், இல்லீங்களா, அப்ப சேலத்துக்கு வாங்க. இங்க பணம் ஆகாசத்துல இருந்து விழல, ஒவ்வொரு பணத்துக்கும் ஒரு வாசன இருக்கு. ஜவ்வரிசிய எடுத்துக்கங்க. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்னு போனப்ப இங்க குச்சிக்கிழங்கு, அதான் மரவள்ளிக்கிழங்கு, மாவுல செய்ய ஆரம்பிச்சாங்க, அதுல இருந்து எத்தன குடும்பம் மேல வந்துச்சு. கிழங்கக் கழுவித் தோலுரிச்சு அரைச்சு, அந்தக் கிழங்குப் பால தொட்டியில தெளிய வச்சு, அடியில நிக்கற மாவ எடுத்து உருட்டி, வறுத்து, களத்துல காயப் போடணும், அந்த நேரம் பாத்து மழை வந்துச்சுன்னா மொதலாளியும் கூலிக்காரங்களும் ஒண்ணா ஓடி அள்ளுவாங்க. யாரு யாரு மேல இடிச்சு விழறாங்க, பட்டுப் பொடவ கட்டின மருமக மாவுல எப்பிடி வெள்ளையாகறா, பக்கத்துல நிக்கற கூலிக்காரம்மா அவள எப்பிடி அதட்டறாங்க, இதெல்லாம் நீங்க எழுதாமயே அந்தக் களத்துல நடக்குது.

கொலுசுன்னா செவ்வாய்ப்பேட்டை. கடை ஓனரு ஒருத்தரு, ஆனா ஒரு கொலுசு முழுசாகறதுக்குள்ள எத்தன வீட்டுத் திண்ணைக்குப் போய் எத்தன கை மாறி வருதுன்னு பாருங்க. தாத்தா செத்துப் போறதுக்கு முன்னாடி ஒரு ரகசியத்த ஒரு ஜோடி கொலுசுல வச்சிட்டாரு, அது எந்தத் திண்ணையில இருக்குன்னு குடும்பமே தெருத் தெருவா தேடுதுன்னு வச்சுக்கங்க, பங்களாவுல பொறந்த பேரன் முதல் தடவையா அந்த வீடுங்களுக்குள்ள தல குனிஞ்சு நொழைவான். வெள்ளக்கல்லுன்னு நாங்க சொல்ற மேக்னசைட் சுரங்கம் இருக்கு, மாம்பழ மண்டி இருக்கு, லாரி ஆபீஸ் இருக்கு, அம்மாப்பேட்டையில தறி இருக்கு. எந்தத் தொழில வேணா எடுங்க, ஒண்ணே ஒண்ண ஒழுங்கா எடுங்க.

அப்புறம் மலை. அடிவாரத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு. ஊட்டி கெடைக்கலன்னா ஏற்காடுன்னு வந்து லேக்குல படகு ஓட்டி ஒரு பாட்டு எடுத்துட்டுப் போயிடறீங்க, அது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்குங்க. ஒவ்வொரு வளைவுலயும் ஒருத்தருக்கு வாந்தி, ஒருத்தருக்குச் சண்டை, மேல போற காருல இருக்கறவன் கீழ் வளைவுல வர்ற காருல தன்னோட எதிரியப் பாத்துட்டே போறான், ஆனா எறங்கிப் புடிக்க முடியாது. அந்த ரோட்டுல மறைக்கறதுக்கும் எடம் இருக்கு, மாட்டிக்கறதுக்கும் எடம் இருக்கு. சாயங்காலம் பனி எறங்குச்சுன்னா முன்னாடி நிக்கறது மனுசனா காட்டெருமையான்னு பக்கத்துல போனாத்தான் தெரியும். இன்னொரு பக்கம் குப்பனூர் வழி இருக்கு, அந்த வழி தெரிஞ்ச டிரைவரு ஒருத்தரு வண்டியில இருந்தாருன்னா கதையே மாறிரும்.

மலையில காப்பி 1820-கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் கொண்டு வந்தது, அதுக்கு முன்னாடியே இருக்கறவங்க மலையாளிங்க. தயவு செஞ்சு பேரப் பாத்து கேரளாக்காரங்கன்னு நெனச்சு மலையாளம் பேச வச்சிடாதீங்க, அவங்க பேசறது தமிழுதான், மலையில வாழற பழங்குடி மக்கள். மே மாசம் சேர்வராயன் கோயில் திருவிழா நடக்கும், குகைக்குள்ள இருக்கற சாமி, மலை கிராமம் பூரா வந்து நிக்கும். அந்தக் கூட்டத்துல பங்களாக்காரனும் வரிசையிலதான் நிக்கணும். அந்த மலையாளி மக்கள பயமுறுத்தற கூட்டமாவோ தலையில எறகு சொருகி ஆடற கூட்டமாவோ காட்டாதீங்க, பேரு வச்சு, ஆசை வச்சு, பொய் சொல்ல விட்டு, மத்தவங்கள மாதிரியே கதைக்குள்ள விடுங்க.

இந்த மலையடிவாரத்துலதான் 1935-ல டி.ஆர். சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸ்ங்கற சினிமா ஸ்டூடியோவ ஆரம்பிச்சாரு. நூறு படத்துக்கு மேல வந்த எடம். அந்த ஸ்டூடியோவோட வாசல் வளைவு இன்னும் ஏற்காடு ரோட்டுல நிக்குது, ஒவ்வொரு தடவ பஸ்ஸு அதத் தாண்டறப்பவும் எங்கப்பா எங்களுக்குக் காட்டுவாரு. தமிழ்ல முதல் முழு நீளக் கலர் படம் 1956-ல வந்த அலிபாபாவும் 40 திருடர்களும், அத எடுத்ததும் அவங்கதான். அந்தக் கதையும் பணத்துக்கு ஓடற கதைதானே, பணக்கார அண்ணன் காசிம் குகைக்குள்ள போய் வார்த்தைய மறந்துட்டு மாட்டிக்கறான், வீட்டுக்குள்ள வந்த திருடங்களக் கண்டுபுடிச்சு அலிபாபாவக் காப்பாத்தறது மர்ஜியானாங்கற பொண்ணு. எங்க ஊரு சினிமா அந்தக் கதையத்தான் கலர்ல எடுத்துச்சு.

ஒரு விசயம் கேக்கறேன். எங்க எஸ்டேட்டுகளுக்கு வந்து ஷூட்டிங் பண்றப்ப, கூட்டத்துல நிக்க வைக்கறவங்களுக்கு சீன் என்னன்னு முன்னாடியே சொல்லுங்க. மேல சேறு விழும்னா விழும்னு சொல்லுங்க, மாத்துப் பொடவ குடுங்க, சம்பளத்த அன்னன்னிக்கே கையில குடுங்க. அவங்கள்ல நாலு பேருக்காவது வசனம் குடுங்க, எழுதிக் குடுத்துப் பேச வைக்க வேணாம், சீனச் சொல்லி விட்டுருங்க, அவங்களே பேசுவாங்க, களத்துல காப்பி காயறப்ப உக்காந்து அவங்க பேசறதக் கேட்டவங்களுக்கு அது தெரியும்.

வர்றதா இருந்தா மார்ச், ஏப்ரல்ல வாங்க. ஒரு கோடை மழை பேஞ்சு கொஞ்ச நாள் விட்டு காப்பிச் செடி பூரா வெள்ளையாப் பூத்துரும், மல்லிப்பூ மாதிரி வாசன, ரெண்டு மூணு நாள்தான் இருக்கும். அதுக்குள்ள எடுத்துக்கணும். அம்மாவுக்கு இப்ப 71 வயசு, முட்டி வலின்னாலும் நல்லா நடக்கறாங்க. போன வாரம் இந்த மடல் எழுதறேன்னு சொன்னப்ப, "மறுபடி ஜீப்பு வருமா"ன்னு கேட்டாங்க. வந்தா இந்தத் தடவ நீதான் ஓட்டணும்மான்னு சொன்னேன், எனக்கு ஓட்டத் தெரியாதே, ஆனா டிரைவருக்கு வழி சொல்வேன்னு சொல்லிருக்காங்க.