தாக்கரே என்ற பெயரின் பூர்வீகம்

அன்புள்ள மகள் கயல்விழிக்கு,

நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நீ வேலை பார்க்கும் புனித ஜேம்ஸ் மருத்துவமனையை ஒட்டியிருக்கும் தாக்ரே மருத்துவ அருங்காட்சியகத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு, மும்பை தாக்கரே குடும்பத்துக்கும் இந்தப் பெயருக்கும் உறவு உண்டா என்று கேட்டிருந்தாய். தொலைபேசியில் இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற செய்தியாக அது எனக்குத் தோன்றவில்லை. பணிக்காலம் முழுவதையும் வருவாய்த் துறையில் கழித்த எனக்கு அந்தப் பெயர் வேறொரு வழியிலும் பழக்கமானது என்பதால், தெரிந்ததை ஆற அமர எழுதுகிறேன்.

நீ கேட்டதற்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். இரத்த உறவு எதுவும் இல்லை. சிவசேனைக் கட்சியைத் தொடங்கிய பால் தாக்கரேயின் தந்தையான கேசவ் சீதாராம், ஆங்கில நாவலாசிரியர் வில்லியம் மேக்பீஸ் தாக்கரேயின் மேல் கொண்ட மதிப்பினால், தம் குடும்பப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது அவருடைய எழுத்துக்கூட்டலை எடுத்துக்கொண்டார். மராத்தி எழுத்தில் அது இன்றும் 'டாக்கரே' என்ற ஒலியோடுதான் எழுதப்படுகிறது. ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுதிய நம் செய்தித்தாள்கள்தாம் அதைத் 'தாக்கரே' ஆக்கின. இதனால் ஒரு விந்தை நேர்ந்தது. இங்கிலாந்திலேயே பெரும்பாலோர் தம் தெருவில் சந்தித்திராத ஓர் அரிய குடும்பப் பெயர், அதன் பூர்வீகத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு குடும்பத்தின் வழியாக இந்தியாவில் கோடிக்கணக்கானவர்களின் காதுக்குப் பழகிப்போயிற்று.

அந்தப் பூர்வீகம் உனக்கு மிக அருகில் இருக்கிறது. கி.பி. 866இல் யார்க் நகரைப் பிடித்த வைக்கிங்குகளும், அவர்களுக்குப் பின்னால் வந்து காடு திருத்திக் குடியேறிய உழவர்களும் பேசிய பழைய நோர்ஸ் மொழியில், 'தாக்' என்றால் கூரை வேயும் புல். 'வ்ரா' என்றால் மூலை அல்லது ஒதுக்கிடம். கூரை வேய நாணலும் கோரையும் கிடைத்த ஒரு மூலை நிலத்துக்கு அவர்கள் வைத்த பெயர்தான் நாளடைவில் தாக்ரே ஆயிற்று. நார்மன் ஆட்சி வந்த பிறகு, வரிக்கணக்கும் நிலக்கணக்கும் பெருகப் பெருக, ஒரே ஊரில் இருந்த பல ஜான்களையும் வில்லியம்களையும் பிரித்துக் காட்ட வேண்டிய தேவை எழுந்தது. தொழிலை வைத்தும், தந்தையின் பெயரை வைத்தும், குடியிருந்த நிலத்தை வைத்தும் அடையாளம் எழுதினார்கள். கொல்லன் எல்லா ஊரிலும் இருந்தான். ஆகவே ஸ்மித் என்ற பெயர் நூற்றுக்கணக்கான இடங்களில் தனித்தனியே முளைத்து நாடெங்கும் நிறைந்தது. தாக்ரே என்னும் குக்கிராமத்திலிருந்து வெளியே போன குடும்பங்களோ மிகச் சில. அந்தப் பெயர் அரிதாக இருப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

அந்த ஊரை இன்று நீ பார்க்க முடியாது. லீட்ஸ் மாநகரின் குடிநீருக்காக 1870களில் வாஷ்பர்ன் ஆற்றின் குறுக்கே அணைகள் கட்டப்பட்டன. அவற்றுள் 1879இல் முடிந்த ஃபியூஸ்டன் நீர்த்தேக்கத்தின் அடியில் தாக்ரே என்ற இடம் மூழ்கிப்போயிற்று. நீ தினமும் குழாயில் பிடித்துக் குடிக்கும் நீருக்கும் உன் மருத்துவமனைக்குப் பக்கத்துப் பெயர்ப்பலகைக்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்கிறது என்பதை அறிந்தபோது, எத்தனையோ கிராமக் கணக்குகளில் 'நீர்ப்பிடிப்பு' என்று குறிக்கப்பட்ட புல எண்களைப் பார்த்துப் பழகிய எனக்கு மனம் கனத்தது. நிலம் போன பிறகும் அதன் பெயரை மனிதர்கள் சுமந்துகொண்டிருக்கிறார்கள்.

பெயரை எழுதும் முறையில் ஒழுங்கு ஏற்பட நெடுங்காலம் ஆயிற்று. திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று 1538இல் இங்கிலாந்துத் திருச்சபைப் பங்குகளுக்கு ஆணை வந்தது. அந்தப் பதிவேடுகளை எழுதியவர்கள் காதில் விழுந்தபடியே எழுதினார்கள். தாக்ரே, தாக்ரா, தாக்வ்ரே, தாக்கரே என்று கிளைத்த இந்த வடிவங்கள் எல்லாம் ஒரே வேரிலிருந்து வந்தவை. ஸ்மித், டெய்லர் போன்ற பெயர்களை நாட்டின் எந்த மூலையிலும் காணலாம். இந்தப் பெயரோ அந்நாள் முதல் இன்றுவரை லீட்ஸைச் சுற்றிய மேற்கு யார்க்‌ஷயரில்தான் திரண்டு நிற்கிறது.

ஒரு கிளை நிட் ஆற்றங்கரையிலுள்ள ஹாம்ப்ஸ்த்வெயிட் கிராமத்தில் இருந்தது. அங்கே பிறந்த தாமஸ் தாக்கரே 1746இல் ஹாரோ பள்ளியின் தலைமை ஆசிரியரானார். அவருடைய பிள்ளைகளில் இளையவர் 1766இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியராக வங்காளத்துக்கு வந்து, சில்ஹெட் பகுதியில் யானை பிடித்துக் கம்பெனிக்கு விற்று அதனாலேயே பெயர் பெற்றார். அவருடைய பேரன்தான் 1811இல் கல்கத்தாவில் பிறந்த நாவலாசிரியர். நாவலாசிரியரின் சிற்றப்பா ஒருவர், செயின்ட் ஜான் தாக்கரே, தார்வாட் ஆட்சியராக இருந்தபோது 1824 அக்டோபரில் கித்தூர் ராணி சென்னம்மாவின் படையோடு நடந்த சண்டையில் கொல்லப்பட்டார்.

எனக்கு நெருக்கமானவர் இன்னொருவர். நாவலாசிரியரின் பெரியப்பாவான வில்லியம் தாக்கரே சென்னை மாகாணத்தில் பணியாற்றினார். பின்னாளில் சென்னை ஆளுநரான தாமஸ் மன்றோவின் கீழ் பயின்றவர். நிலவரியை ஜமீன்தார்களிடம் நிலையாக ஒப்படைத்துவிடுவதா, உழுகிற குடியானவனோடு அரசு நேரடியாகக் கணக்கு வைத்துக்கொள்வதா என்ற பெரும் வாதம் நடந்த காலத்தில், மாவட்டங்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை தரும்படி அவரை அனுப்பினார்கள். 1807இல் அவர் தந்த அறிக்கை, குடியானவனோடு நேரடியாகக் கணக்கு வைக்கும் ரயத்துவாரி முறையை ஆதரித்தது. அந்த முறையில் வரிச்சுமை கொடியதாகவும் இருந்தது என்பதை நான் மறைக்க மாட்டேன். ஆயினும் நம் தாத்தாவின் பெயரில் தனிப் பட்டா இருந்ததற்கும், நான் பணியாற்றிய அலுவலகங்களின் பதிவேடுகள் அந்த வடிவத்தில் அமைந்ததற்கும் பின்னால் உள்ள வரலாற்றில், யார்க்‌ஷயரின் அந்தப் புல் நிலத்துப் பெயரும் ஓரிடம் பெற்றிருக்கிறது.

ஆனாலும் அந்தப் பெயரைத் தாங்கியவர்களுள் நீ அதிகமாக அறிய வேண்டியவர் சார்லஸ் டர்னர் தாக்ரா. 1795இல் லீட்ஸில் பிறந்த இந்த அறுவை மருத்துவர், ஆளி நார் ஆலைகளிலும் பட்டறைகளிலும் தொழிலாளர்கள் இளவயதில் இருமிச் சாவதைக் கண்டு, எந்தத் தொழில் எந்த நோயைத் தருகிறது என்று தொழில்வாரியாக ஆராய்ந்து 1831இல் நூலாக வெளியிட்டார். தூசியைக் குறைக்கலாம், வேலை நேரத்தைக் குறைக்கலாம், குழந்தைகளை ஆலையில் அடைக்காதிருக்கலாம் என்று, அதற்கான சட்டங்கள் வலுப்பெறும் முன்பே எழுதினார். லீட்ஸ் மருத்துவப் பள்ளியை அதே ஆண்டில் தொடங்கியவர்களுள் அவரும் ஒருவர். 1833இல், நாற்பது வயதுகூட நிறையாத நிலையில், காசநோய் அவரைக் கொண்டுபோயிற்று. நுரையீரல் பிரிவில் வேலை பார்க்கும் நீ அவர் எழுதியதைத் தேடிப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அருங்காட்சியகத்தின் பெயர் அவரால் வந்ததன்று. 1902இல் லீட்ஸில் மருந்துக்கடை தொடங்கிய சார்லஸ் தாக்ரேயின் நிறுவனம் பின்னர் அறுவைக் கருவிகள் செய்து புகழ்பெற்றது. எலும்பு அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி வடிவமைத்த செயற்கை இடுப்பு மூட்டையும் அந்த நிறுவனமே தயாரித்தது. பழைய ஏழையர் விடுதியின் கட்டடத்தில் அந்த அருங்காட்சியகம் 1997இல் திறக்கப்பட்டது.

விடுமுறை கிடைக்கும்போது ஒரு நாள் ஹாம்ப்ஸ்த்வெயிட் தேவாலயத்துக்கும், அங்கிருந்து அதிகத் தொலைவில்லாத ஃபியூஸ்டனுக்கும் போய்வந்து, பார்த்ததை எனக்கு எழுது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன்னிடம் வரும் நோயாளிகளில் இந்தப் பெயருடையவர்கள் மற்ற ஊர்களைவிட அங்கே அதிகமாக இருப்பார்கள். ஒருவர் தாக்ரா என்றும் இன்னொருவர் தாக்ரே என்றும் சொன்னால், பிழையென்று நினைத்துத் திருத்திவிடாமல், எழுத்து எழுத்தாகக் கேட்டு அப்படியே பதிவு செய்.

அன்புடன்,
அப்பா