நாலு முகக் கடிகாரம்

பாளையங்கோட்டை
ஞாயிறு மாலை

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதுவது. போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், அதனால்தான் கடிதம். இங்கே எல்லோரும் சுகம். வெளியே போகும்போது குடை எடுத்துக்கொள். அயர்லாந்தில் உன் கார்க் ஊர் மழை நம்மூர் மழை மாதிரி இருட்டிக்கொண்டு வராது.

நீ சுற்றிக்காட்டிய இடங்களைத்தான் இன்னும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 1788-ல் தொடங்கிய இங்கிலீஷ் மார்க்கெட், அங்கே விற்கிற டிரிஷீன். நம் ரத்தப் பொரியலுக்கு அண்ணன் முறை! எலிசபெத் ராணி 2011-ல் வந்து சிரித்துப் பேசிய அந்த மார்க்கெட்டில் மீன்கடைக்காரர் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாரே, அதை மட்டும் இரண்டு தடவை சொல்வேன்.

ஆனால் ராத்திரி படுத்தால் ஷாண்டன் சர்ச் மணிக்கோபுரம்தான் கண்ணில் நிற்கிறது. இரண்டு பக்கம் சிவப்புக் கல், இரண்டு பக்கம் வெள்ளைக் கல். காதில் கவசம் மாட்டிக்கொண்டு, அட்டையில் இருந்த எண்களைப் பார்த்துப் பார்த்து, கயிறு இழுத்து மணி அடித்தேன். மொத்தம் 132 படி. இந்த முட்டுவலியோடு நானே ஏறிவிட்டேன். மாப்பிள்ளை போன் வந்தது என்று கீழேயே நின்றுவிட்டார். கோபுரத்துக் கடிகாரம் 1847-ல் வைத்தது, ஒவ்வொரு பக்கமும் ஒரு நேரம் காட்டும், முழு மணிக்குத்தான் நாலும் ஒத்துப்போகும், ஊர்க்காரர்கள் 'நாலு முகப் பொய்யன்' என்பார்கள் என்று சொன்னாய். நாங்கள் சிரித்தோம். நீ சிரிக்கவில்லை.

மாப்பிள்ளை முகத்தைப் போனில் பார்த்து இரண்டு மாதம் ஆகிறது. ஒரு தடவை நைட் டியூட்டி, ஒரு தடவை தூக்கம், ஒரு தடவை ஜிம், போன வாரம் நண்பர் வீடு. சரி, நான் ஒன்றும் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. குடையை மறக்காதே. எதையும் உள்ளேயே போட்டுப் பூட்டிக்கொள்கிற குணம் உனக்கு. என்னிடமிருந்து வந்ததுதான், யாரைச் சொல்ல?

ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன். அவர்கள் பெண் பார்த்துவிட்டுப் போன அன்று நீ ஆறு மாதம் அவகாசம் கேட்டாய். மாப்பிள்ளை வீட்டில் காத்திருக்க மாட்டார்களாம் என்று சொன்னேன். அவர்கள் அப்படிச் சொல்லவே இல்லை, செல்வி. நான் அவர்களிடம் கேட்கவே இல்லை.

வருகிற வெள்ளி அம்மா கோயிலுக்குப் போய்விடுவாள். நம்மூர் நேரம் ஆறு மணிக்குக் கூப்பிடு. மாப்பிள்ளை பக்கத்தில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

அப்பா